மலிவான சேணம், பொருந்தும் சேணம்: ஒரு வருடத்துக் குறிப்புகள்

போன வருடம் மகளின் 14ஆவது பிறந்தநாளுக்கு ஒரு சேணம் வாங்கிக் கொடுத்தேன். குதிரைச் சேணம்தான். இணையத்தில் 14,000 ரூபாய். பழுப்புத் தோல், பளபளவென்று வந்து இறங்கியது. ரெண்டு நாள் சோபாவின் கைப்பிடி மேல் ஏற்றி வைத்து வீட்டில் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். வாங்குவதற்கு முன் நான் கேட்டுக்கொண்ட கேள்விகள் மூன்று. மகளுக்கு எந்த அளவு இருக்கை வேண்டும்? தோல் அசல்தானா? பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமா? குதிரையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

ஏழு வாரம் கழித்து மகளின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. லாயத்தில் 'இந்தக் குதிரை சரிப்படாது, அனுப்பிடலாம்' என்று பேச்சு. ரெண்டுக்கும் காரணம் அந்தச் சேணம். இன்னும் சரியாகச் சொன்னால், அதை வாங்கிய நான்.

அதன்பிறகு படித்தது, அளந்தது, கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் இங்கே தொகுத்து வைக்கிறேன். நான் மென்பொருள்காரன், குதிரை மருத்துவன் அல்ல. ஆனாலும் கையில் இருக்கும் காசுக்குள் சேணம் வாங்க நினைக்கும் இன்னொரு அப்பா என் தப்பைத் திரும்பச் செய்யாமல் இருக்க இது உதவும். குதிரைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்பவர்களும் படிக்கலாம். பார்க்க எளிமையாக இருக்கும் ஒரு பொருளுக்குள் எவ்வளவு பொறியியல் ஒளிந்திருக்கிறது என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

'திமிர் பிடித்த' குதிரை

லாயம் ஈசிஆர் பக்கம். குதிரை, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் பெண்குதிரை, வயது 9. பந்தயப் பெயர் வேறு, லாயத்தில் எல்லோருக்கும் பவானி. மகள் வாரத்தில் நாலு நாள் அவள் மேல் சவாரி செய்வதற்கு மாதப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

புதுச் சேணம் போட்ட முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாவது வாரத்திலிருந்து சேணத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தாலே பவானி காதைப் பின்னால் மடக்கினாள். வயிற்று வாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வந்தாள். நாலாவது வாரம் டிராட்டிலிருந்து கேன்டருக்குப் போக மறுத்தாள். பயிற்சியாளர், 'திமிர், வேற ஒண்ணுமில்ல, காலால நல்லா அழுத்து' என்றார். மகள் அழுத்தினாள். ஏழாவது வாரம் பவானி முதுகை வில்லாக வளைத்து ஒரு துள்ளு துள்ளினாள். மகள் கீழே.

அன்று மருத்துவமனைக்குப் போய்விட்டு, அடுத்த நாள் சேணத்தை எடுத்து வரலாம் என்று லாயத்துக்குப் போனேன். பந்தய லாயங்களில் முப்பது வருடம் இருந்துவிட்டு இங்கே வந்திருக்கும் சைஸ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

'சார், நான் சொன்னா கோச்சுக்கக் கூடாது. குதிர மேல தப்பு இல்ல சார்.'

'என்ன அண்ணே சொல்றீங்க?'

'இன்னிக்குக் காலைல வேற ஆள் அந்த சாடில்ல அரைமணி நேரம் ஓட்டினாரு. வாங்க, வேர்வையப் பாருங்க.'

பவானியின் முதுகு முழுக்க வேர்வையில் நனைந்து கறுத்திருந்தது. தோள்பட்டைக்குப் பின்னால், முதுகெலும்பின் ரெண்டு பக்கமும், உள்ளங்கை அளவுக்கு ரெண்டு இடம் மட்டும் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அண்ணன் அந்த இடத்தில் ரெண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினார். பவானி முதுகைச் சட்டென்று கீழே இறக்கி, விலகி நின்றாள்.

'வாயில்லா ஜீவன் சார். அது வேற எப்படிச் சொல்லும்?'

ஏழு வாரமாக அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. படிக்கத் தெரியாதவன் நான்.

ஒரு சின்னக் கணக்கு

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது கணக்கு. சேணத்தின் வேலை ஒன்றே ஒன்று: சவாரி செய்பவரின் எடையை, முதுகெலும்பின் மேல் விழாமல், அதன் ரெண்டு பக்கத் தசைகளின் மேல் பரவலாக இறக்குவது.

மகள் 48 கிலோ, சேணம் 7 கிலோ. மொத்தம் 55 கிலோ. சேணத்தின் அடியில் ரெண்டு நீளமான மெத்தைகள் இருக்கும், பேனல் என்பார்கள். ஒவ்வொன்றும் சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம் முதுகில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரெண்டும் சேர்ந்து 960 சதுர சென்டிமீட்டர். 55 கிலோவை அதில் பரப்பினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 57 கிராம். குதிரைக்குப் பிரச்சினையில்லை.

சேணம் சரியாகப் பொருந்தாமல், நடுப்பகுதி முதுகில் படாமல், முன்னே ரெண்டு மூலையும் பின்னே ரெண்டு மூலையும் மட்டும் படுகிறது என்றால்? பாலம் மாதிரி நிற்பதால் இதற்கு 'பிரிட்ஜிங்' என்றே பெயர். ஒரு மூலைக்கு எட்டுக்கு எட்டு, 64 சதுர சென்டிமீட்டர். நாலு மூலைக்கு 256. அதே 55 கிலோ, இப்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 215 கிராம். கிட்டத்தட்ட நாலு மடங்கு. இது குதிரை சும்மா நிற்கும்போது. டிராட்டில் ஒவ்வொரு அடியிலும் உச்சத்தில் விழும் விசை சவாரி செய்பவரின் எடையைப் போல ரெண்டு மடங்குக்குப் போகும்.

செருப்புக்குள் ஒரு கல் மாட்டினால் நாம் நிறுத்தி எடுத்துவிடுவோம். பவானிக்கு அந்தக் கல் ஏழு வாரம், வாரத்துக்கு நாலு நாள்.

காய்ந்த இடத்துக்கும் இதுதான் காரணம். அழுத்தம் அதிகமான இடத்தில் வேர்வை வராமல் போகலாம். ஒரு எச்சரிக்கை: சேணம் முதுகில் படவே இல்லை என்றாலும் அந்த இடம் காய்ந்திருக்கலாம். அதனால் பார்த்தால் மட்டும் போதாது, அண்ணன் செய்த மாதிரி தொட்டு அழுத்திப் பார்க்க வேண்டும்.

தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது

திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. ஒருவர் 8,000 ரூபாய்க்குக் கேட்டார். இன்னொரு குதிரையின் முதுகுக்கு இதை அனுப்ப மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து கத்தியால் அதைப் பிரித்துப் போட்டேன். என் ஆராய்ச்சியில் உருப்படியான பகுதி இதுதான் என்று தோன்றுகிறது.

மேலே தெரியும் தோல் வெறும் போர்வை. உள்ளே ஒரு கூடு இருக்கிறது. அதற்கு 'ட்ரீ' என்று பெயர். அந்தக் காலத்தில் மரத்தால் செய்ததால் வந்த பெயர். இன்றும் நல்ல சேணங்களில் பீச் மரத் தகடுகளை அடுக்கி ஒட்டி, எஃகுப் பட்டை பதித்துச் செய்கிறார்கள். மற்றவற்றில் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி நார். முன்பக்கம் கவிழ்த்து வைத்த 'வி' மாதிரி ஒரு வளைவு. அந்த 'வி'யின் ரெண்டு கால்களும் குதிரையின் தோளுக்குப் பின்னால் இறங்கும். அந்தக் கால்களின் அகலமும் சாய்வும் குதிரையின் உடம்போடு ஒத்துப்போனால் சேணம் உட்காரும். குறுகலாக இருந்தால் கிடுக்கி மாதிரி பிடிக்கும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு, எடை பின்னால் சாயும். அகலமாக இருந்தால் முன்பக்கம் இறங்கி எலும்பில் உட்காரும்.

நான் வாங்கியது குறுகல். அதுகூடப் பரவாயில்லை. அளந்து பார்த்தால் வளைவின் இடது காலுக்கும் வலது காலுக்கும் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். பேனலுக்குள் கம்பளி இல்லை, வெட்டுத்துண்டு நுரைதான். சில இடத்தில் கெட்டி, சில இடத்தில் பஞ்சு. இந்தச் சேணம் எந்தக் குதிரைக்கும் பொருந்தியிருக்காது. தோல் மட்டும் அசல்தான். நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைத்திருந்தது.

மலிவு எங்கிருந்து வருகிறது

உடனே 'நம்ம நாட்டுச் சரக்கு அப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இங்கிலாந்தில் சேணத்துக்கு வால்சால் என்றால் (அந்த ஊர்க் கால்பந்து அணிக்கே 'சேணக்காரர்கள்' என்றுதான் பட்டப்பெயர்), இந்தியாவில் கான்பூர். 1860களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக அங்கே சேணம் செய்ய அரசுத் தொழிற்சாலையே வந்தது. இன்று கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, வெளிநாடுகளுக்குப் போகிறது. அதே ஊரில் அருமையான சேணமும் செய்கிறார்கள், விலையை மட்டும் பார்த்து வாங்குபவனுக்கு ஏற்ற சேணமும் செய்கிறார்கள். ஊர்ப் பெயரை வைத்துத் தரம் சொல்ல முடியாது.

செலவு மூன்று இடத்தில் போகிறது: ட்ரீ, பேனலுக்குள் இருக்கும் அடைப்பு, தோல். வாங்குபவர் கண்ணில் படுவது மூன்றாவது மட்டும். அதனால் விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதல் ரெண்டில் கை வைப்பார்கள். நாம் காசை மிச்சம் பிடிக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர். தோலில் விட்டுக்கொடுக்கலாம், பழசு பரவாயில்லை, செயற்கைத் தோல்கூடப் பரவாயில்லை. ட்ரீயில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தக் கட்டுரையின் சாரம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைச் செய்வது எப்படி என்பது.

முதலில் அளவு, அப்புறம் கடை

'மீடியம்', 'வைட்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அதற்குப் பொதுவான தர அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியில் குறுகலாக இருக்கும். போதாததற்கு 'கல்லட்' என்ற சொல்லை ரெண்டு விஷயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள்: முன் வளைவின் அகலத்துக்கும், அடியில் ரெண்டு பேனலுக்கும் நடுவே ஓடும் கால்வாய்க்கும். விற்பவரிடம் பேசும்போது எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

நான் செய்தது இது. பிஇ முதல் வருடம் என்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் வளைகோடு போட ஒரு ரப்பர் பட்டை வைத்திருப்போமே, வளைத்தால் அப்படியே நிற்கும், 'ஃப்ளெக்சிபிள் கர்வ்'. ஸ்டேஷனரி கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று வாங்கினேன்.

குதிரையைச் சமதளத்தில், நாலு காலும் சதுரமாக ஊன்றி, தலை நேராக நிற்க வைக்க வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும்; விதர்ஸ் என்பார்கள். அதன் கீழே கையை வைத்துத் தடவினால் தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பு தட்டுப்படும். அதற்கு ரெண்டு விரல் பின்னால் பட்டையை முதுகின் குறுக்கே வைத்து அழுத்தி, அந்த வடிவத்தைக் கலையாமல் அட்டையில் வரைய வேண்டும். அதே மாதிரி முதுகின் தாழ்வான இடத்தில் ஒன்று, கடைசி விலா எலும்பு இருக்கும் இடத்தில் ஒன்று. நாலாவது கோடு முதுகின் நீளவாக்கில். கோட்டில் தேதி, இடதா வலதா என்பது எல்லாம் எழுதி வையுங்கள். முதல் அட்டையை வெட்டி எடுத்தால், எந்தச் சேணத்தின் முன் வளைவுக்குள்ளும் செருகிப் பார்க்கலாம். குதிரையைக் கூட்டிக்கொண்டு போகாமலே பாதிச் சேணங்களை அங்கேயே நிராகரித்துவிடலாம்.

கடைசி விலா எலும்பு எதற்கு? குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்பு. எடை தாங்கும் பகுதி அதோடு முடிகிறது. பின்னால் இருப்பது இடுப்பு முதுகு, கீழே தாங்கிப் பிடிக்க விலா எலும்பு இல்லை. வயிற்றுப் பக்கத்திலிருந்து கடைசி விலா எலும்பை விரலால் தடவிக்கொண்டே மேலே போய் முதுகைத் தொட்டால், சேணத்தின் அடி அதைத் தாண்டக் கூடாது. முன்பக்க எல்லை தோள்பட்டை. குதிரை முன்காலை நீட்டும்போது தோள்பட்டையின் மேல் நுனி பின்னால் வரும். அங்கே ட்ரீயின் முனை இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் இடி.

இந்த ரெண்டு எல்லைக்கும் நடுவில் இருப்பதுதான் குதிரை நமக்கு ஒதுக்கியிருக்கும் இடம். பவானிக்கு அது குட்டை. மகள் வளர்ந்து 17.5 அங்குல இருக்கை கேட்டாலும், பவானியின் முதுகு 17க்கு மேல் தராது.

சேணத்தை ஏற்றிப் பார்ப்பது

அட்டை தேறிய பிறகு குதிரை மேல் வைக்க வேண்டும். விரிப்பு எதுவும் இல்லாமல், வெறும் முதுகில்.

சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, பின்னால் நகர்த்துங்கள். அதுவாக ஒரு இடத்தில் நிற்கும். அதுதான் அதன் இடம். விதர்ஸுக்கும் சேணத்துக்கும் நடுவே ரெண்டு மூன்று விரல் போக வேண்டும். ஆள் ஏறின பிறகும் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் நடுக்கால்வாய் வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும்; எங்கேயும் முதுகெலும்பைத் தொடக் கூடாது. இருக்கையின் பள்ளம் நடுவில் இருக்க வேண்டும். அடியில் கையை விட்டு முன்னிருந்து பின்வரை நகர்த்தினால் ஒரே அளவு இறுக்கம் தெரிய வேண்டும். நடுவில் கை சும்மா போய்வந்தால் பிரிட்ஜிங்.

இதெல்லாம் நிற்கும் குதிரைக்கு. வாங்குவதற்கு முன் அரைமணி சவாரி செய்து, சேணத்தை இறக்கி, வேர்வையைப் பார்த்து, முதுகைத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன்.

பழைய சேணத்தில் பார்க்க வேண்டியவை

என் பட்ஜெட்டுக்குப் புதிதாக நல்ல ட்ரீ கிடைக்காது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதனால் பழசு. மூன்று பார்த்தேன்.

முதலாவது ரொம்ப அழகு. முன்பக்கத்தை வயிற்றில் முட்டுக்கொடுத்து, பின்பக்கத்தைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். லேசாக வளைந்து திரும்பினால் சரி. இது 'கிரீச்' என்று சத்தம் போட்டு, இருக்கைத் தோல் நடுவில் மடிப்பு விழுந்தது. ட்ரீ உடைந்திருக்கிறது. விற்றவருக்கே தெரியாது பாவம். இன்னொரு சோதனை, முன் வளைவின் ரெண்டு கால்களையும் கையால் சேர்த்து அழுத்துவது. அங்கே அசைவே இருக்கக் கூடாது.

ரெண்டாவது சேணம் உறுதியானது, அட்டையும் பொருந்தியது. ஆனால் கடைசி விலா எலும்பைத் தாண்டி மூன்று விரல் நீளம். மகளுக்குப் பிடித்திருந்தது. 'அப்பா, கொஞ்சம்தானே தாண்டுது?' என்றாள். ஒரு வருடம் முன்னால் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். 'நமக்குக் கொஞ்சம், அவளுக்கு?' என்றேன். அவளே இறக்கி வைத்துவிட்டாள்.

இது தவிர: சேணத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ரெண்டு பேனலும் ஒரே உயரம், ஒரே தடிமன் இருக்க வேண்டும். பேனலைக் கையால் தடவினால் கட்டி கட்டியாக இருக்கக் கூடாது. கம்பளி அடைத்த பேனல் என்றால் பிரித்து மறுபடி அடைக்கலாம், அது பெரிய வசதி. வயிற்று வார் மாட்டும் பட்டைகளின் தையலை இழுத்துப் பாருங்கள். அது அறுந்தால் ஆள் கீழேதான். பட்டையும் அங்கவடி வாரும் தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மூன்றாவது, பத்து வருடப் பழைய செயற்கைத் தோல் சேணம். முன் வளைவை ஸ்குரூ கழற்றி வேறு அகலத்துக்கு மாற்றிக்கொள்ளும் வகை. ஆஸ்திரேலியாவின் வின்டெக், இங்கிலாந்தின் தரோகுட் போன்றவர்கள் இந்த மாதிரி செய்கிறார்கள். பேரம் பேசி 26,000 ரூபாய். பார்க்க அழகே இல்லை. சோபா மேல் யாரும் வைக்கவில்லை.

முதுகு மாறும்

மாற்றக்கூடிய வளைவை நான் தேடிப் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குதிரையின் முதுகு நிலையான அளவு கிடையாது. பந்தயத்தில் ஜாக்கியின் சேணம் ஒரு கிலோகூட இருக்காது, அவர் அதில் உட்காருவதும் இல்லை. அங்கிருந்து வரும் குதிரைகள் பெரும்பாலும் விதர்ஸ் உயர்ந்து, அதன் ரெண்டு பக்கமும் ஒடுங்கி இருக்கும். வேறு மாதிரி பயிற்சியும் தீனியும் கிடைத்தால் ஒரு வருடத்தில் முதுகு அகலமாகும். தப்பான சேணம் போட்டால் தசை கரைந்து குழி விழும். இதில் ஒரு பொறி உண்டு: குழி விழுந்த முதுகை அளந்து குறுகலான சேணம் வாங்கினால், அது 'அழகாகப் பொருந்தி' அந்தத் தசையை மறுபடி வளரவே விடாது.

ராணுவங்களுக்கு இது பழைய தலைவலி. ஆயிரக்கணக்கான குதிரை, போர்க்களத்தில் தீனி குறைந்து உடம்பு வற்றும், சேணமோ ஒரே அச்சு. பிரிட்டிஷ் ராணுவத்தின் 1912ஆம் வருட மாதிரிச் சேணத்தில், முதுகில் படும் பக்கப் பலகைகளைக் கீல் வைத்துத் திரும்பும்படி செய்தார்கள். குதிரையின் சாய்வுக்கு ஏற்ப அவை தானாகத் திரும்பிக்கொள்ளும். அடியில் மடித்த போர்வை; குதிரை இளைத்தால் மடிப்பைக் கூட்டலாம். நூறு வருடத்துக்கு முன்னாலேயே 'முதுகு மாறும்' என்பதை ஏற்றுக்கொண்டு வடிவமைத்திருக்கிறார்கள்.

போர்வை என்றதும் ஒரு விஷயம். 'பொருந்தலையா, கனமான பேட் ஒண்ணு போடுங்க' என்று நிறையப் பேர் சொல்வார்கள். சேணம் கொஞ்சம் அகலம் என்றால் பேட் உதவும். குறுகல் என்றால் நிலைமையை மோசமாக்கும். இறுக்கமான ஷூவுக்குள் ரெண்டாவது சாக்ஸ் போடுகிற கதை. நானும் அஞ்சாவது வாரம் 2,000 ரூபாய்க்கு ஒரு ஜெல் பேட் வாங்கிப் போட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கு முடிவு

கால்நடை மருத்துவர் வந்து எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் கோளாறு இல்லை, தசையில்தான் காயம். ஆறு வாரம் முதுகில் எதுவும் ஏற்றக் கூடாது என்றார். லாயத்தில் பவானியை அனுப்பும் பேச்சைத் தள்ளிவைக்கச் சொல்லி, அந்த ஆறு வாரப் பணத்தையும் நான் கட்டினேன்.

14,000 ரூபாய்ச் சேணத்தின் அசல் விலை: சேணம் 14,000, பேட் 2,000, மகளின் எலும்பு வைத்தியம் 11,000, பவானியின் வைத்தியம் 9,000, சவாரி இல்லாத ஆறு வாரம் 15,000. மொத்தம் 51,000 ரூபாய். பழைய சேணத்தைப் போல ரெண்டு மடங்கு.

ஆறு வாரம் கழித்து புதுப் பழைய சேணத்தை எடுத்துக்கொண்டு போனோம். பார்த்ததுமே பவானி காதை மடக்கினாள். உடம்பு ஆறினாலும் ஞாபகம் ஆறவில்லை. முதல் வாரம் மகள் ஏறவே இல்லை. சேணத்தை வைப்பது, கேரட் கொடுப்பது, இறக்குவது. ரெண்டாவது வாரம் நடை மட்டும். ஒரு மாதம் ஆனது வாரை இறுக்கும்போது அவள் திரும்பிப் பார்க்காமல் நிற்க. பயிற்சியாளரும் இப்போது அரைமணி சவாரிக்கு ஒருமுறை வேர்வையைப் பார்க்கிறார். எட்டாவது மாதம் மறுபடி பட்டையை வைத்து வரைந்தோம். பழைய அட்டை பத்தவில்லை, முதுகு ரெண்டு பக்கமும் நிறைந்திருந்தது. அடுத்த அகல வளைவை மாற்றினோம். ஒரு ஸ்குரூ டிரைவர், இருபது நிமிடம்.

தோளுக்குப் பின்னால், ரெண்டு பக்கமும், ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை முடி முளைத்திருக்கிறது. அழுத்தத்தில் முடியின் வேரில் நிறம் தரும் செல்கள் செத்துவிட்டால் அப்படித்தான் முளைக்கும். அது இனி பழுப்பாகாது. மகள் பிரஷ் போடும்போது அந்த இடம் வந்தால் கொஞ்சம் மெதுவாகப் போடுகிறாள். நான் ஒவ்வொரு ஞாயிறும் சேணத்தை இறக்கியதும் அதே இடத்தில் ரெண்டு விரலை வைத்து அழுத்திப் பார்க்கிறேன். பவானி இப்போதெல்லாம் விலகுவதில்லை.

நீங்கள் எந்தச் சேணம் வாங்கினாலும் சரி, அந்த ரெண்டு விரல் சோதனைக்குக் காசு இல்லை. சவாரி முடிந்ததும் குதிரை பதில் சொல்லும்.